நான்கு மில்லிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

சைட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மணப்பாறையிலிருந்து ஷேர் ஆட்டோவில் முக்கால் மணி நேரம், மடியில் மெஷின் பெட்டி. டிரைவர் அதை மேலே கட்டச் சொன்னார். இதன் விலைக்கு உங்கள் ஆட்டோ நாலு வாங்கலாம் என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மடியிலேயே வைத்துக்கொண்டேன். இப்போது இரண்டு தொடையும் மரத்துக் கிடக்கின்றன.

புதிதாகக் கட்டும் அட்டை ஆலை. பாய்லரிலிருந்து போகும் நீராவிக் குழாயில் அறுபத்து நான்கு ஜாயின்ட். வெல்டர்கள் பற்றவைத்து முடித்ததை நான் ஸ்கேன் செய்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும். இந்தக் கான்ட்ராக்டர் இதுவரை எல்லாவற்றையும் எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்த்திருக்கிறார். ஒலியலை அனுப்பிப் பார்க்கும் ஃபேஸ்டு அரே அவர்களுக்குப் புதிது. அதைச் செய்ய ஒரு பெண் வருவாள் என்பது அதைவிடப் புதிது.

குவாலிட்டி என்ஜினியர் கௌதமன் டீ குடிக்கும்போது, "அப்படி என்ன மேடம் இதுல விசேஷம்?" என்றார். கேட்டிருக்கக் கூடாது. அரை மணி நேரம் பிடித்துக்கொண்டேன். குழாய் மேல் வைத்து நகர்த்தும் ப்ரோபுக்குள் முப்பத்திரண்டு சின்னக் கிரிஸ்டல்கள். ஒவ்வொன்றும் நூலிழை நேரம் தள்ளித் தள்ளி ஒலியை அனுப்பும். அதனால் ப்ரோபைத் திருப்பாமலே ஒலி விசிறியாக விரியும். குழாயை ஒரு சுற்றுச் சுற்றினால் வெல்டின் உட்புறம் முழுவதும் திரையில் வந்துவிடும். கதிர்வீச்சு கிடையாது, ஆட்களை வெளியேற்றிக் கயிறு கட்ட வேண்டாம், பிலிம் கழுவிக் காத்திருக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேல், ஸ்கேன் அப்படியே பதிவாகிவிடும். பத்து வருடம் கழித்தும் திறந்து பார்க்கலாம்.

"குறையே கிடையாதா?"

"இருக்கு சார். நல்லாப் பழகின ஆள் வேணும்" என்றேன், அந்த ஆள் நான்தான் என்கிற தோரணையில்.

மார்ச் 5, வியாழன்

ப்ரோபுக்கும் குழாய்க்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதனால் பசைத்தூளைத் தண்ணீரில் கரைத்துத் தடவ வேண்டும். ஒரு வாளி நிறையக் கரைத்து வைத்தேன். பார்க்க அசல் கஞ்சி. சாரத்தில் ஏறி இறங்குவதற்குள் பாதி என் சுடிதாரில்.

வெல்டர் ஒருவர் கீழே நின்று வேடிக்கை பார்த்தார். பூமிநாதன். துவாக்குடிக்காரர், நாற்பத்தேழு வயது, இருபத்தைந்து வருடமாகக் குழாய் வெல்டிங். "என்ன டாக்டரம்மா, என் புள்ளைக்கு ஸ்கேன் முடிஞ்சுதா? ஆணா பொண்ணான்னு சொல்லக்கூடாதாமே?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுகப்பிரசவம் என்றேன். அதிலிருந்து சைட் முழுக்க எனக்கு டாக்டரம்மா என்றே பெயர்.

அவருடைய ஜாயின்ட் இரண்டு பார்த்தேன். முதல் ஓட்டத்தை, ரூட் என்கிறோமே அதை, உட்புறம் கொஞ்சம் புடைப்பாக, கனமாகப் போடுகிறார். விதிக்கு உட்பட்ட அளவுதான். சுற்றிலும் ஒரே சீர்.

மார்ச் 6, வெள்ளி

பெண்கள் கழிவறைச் சாவி ஸ்டோர் கீப்பரிடம் இருக்கிறது. அவர் இன்று லீவு. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

மார்ச் 9, திங்கள்

கடும் வெயில். இன்று ஒரே நாளில் இருபது ஜாயின்ட்.

மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று ஒரு இரும்புக் கட்டையில் துளையிட்டு வைத்திருப்போம். துளை திரையில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று நாளுக்கு நான்கு முறை பார்த்துத் தாளில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். காலையில் பார்த்தேன். காலை டீயின்போதே மீதி மூன்றுக்கும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். எல்லோரும் செய்வதுதான். பதினெட்டு அடி உயரத்திலிருந்து மூன்று தடவை இறங்கி ஏற யாருக்குக் கால் இருக்கிறது?

மதியம் ப்ரோபுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் கட்டை, வெட்ஜ், தேய்ந்து போயிருந்தது. பெட்டியிலிருந்து புதிது மாற்றினேன்.

அதற்குப் பிறகு செய்த பதினொன்றும் வால்வு ஓரத்து ஜாயின்ட்கள். ஒரு பக்கம் வால்வு இருப்பதால் குழாய்ப் பக்கத்திலிருந்து மட்டும்தான் ஸ்கேன் செய்ய முடியும். அதில் மூன்று ரிஜெக்ட். வால்வுப் பக்கச் சுவரில், அடியில், உலோகம் சேராத கோடு. பளிச்சென்று சிவப்பாக. மூன்றுமே பூமிநாதன் போட்டவை. கௌதமன் திரையைப் பார்த்து அசந்துபோனார். நாற்பது ஜாயின்ட்டுக்குப் பிறகு முதல் ரிஜெக்ட். உள்ளே ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பானேன்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் கட்டையில் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் விலகிக் காட்டியது. சரிசெய்துவிட்டேன்.

மூன்றையும் அரைத்துத் திறந்தார்கள். பூமிநாதன் அங்கேயே குந்தியிருந்தார். திறந்து முடித்ததும் என்னிடம் வந்தார்.

"டாக்டரம்மா, உள்ள ஒண்ணுமே இல்லையே. சிவப்பு மை தடவியும் பாத்துட்டாங்க, ஒரு கோடுகூட வரல. நீங்க இன்னொரு வாட்டி அந்தப் படத்தைப் பாத்துச் சொல்லுங்களேன்."

நான் பதில் சொல்லுமுன் கௌதமன், "அரைச்சதுலயே போயிருக்கும் பூமி. மிஷின்ல அவ்வளவு தெளிவாத் தெரியுது, சும்மா வருமா?" என்றார். என் பக்கம் திரும்பி, "இல்ல மேடம்?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

மூன்று ரிஜெக்ட் வந்தால் ஆளை நிறுத்துவது இந்த சைட்டின் சட்டம். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். முகமூடியை ஒரு சிமென்ட் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். போகும்போது சாரத்தைப் பார்த்துக் கை காட்டினார். நான் வாளியில் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, புதன்

துணி துவைத்தேன். பசை போகவில்லை. தலைவலி.

மார்ச் 13, வெள்ளி

காலைக் கூட்டத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, மூன்று குறையைக் கண்டுபிடித்ததற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். இனி இவர்களுடைய எல்லா சைட்டிலும் ஃபேஸ்டு அரேதான் என்று மேனேஜர் அறிவித்தார். கை தட்டினார்கள். போட்டோவில் என் முகம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க மாட்டேன்.

சான்றிதழைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 14, சனி

சரி. நாலு நாளாக இந்த நோட்டுக்கே பூசி மெழுகிக்கொண்டிருக்கிறேன். உள்ளதை எழுதிவிடுகிறேன்.

திங்கள் மதியம் மாட்டிய புதிய வெட்ஜ் பழையதைவிட முன்பக்கம் நான்கு மில்லிமீட்டர் நீளம். கோணம் ஒன்றுதான், நிறம் ஒன்றுதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெட்ஜை மாற்றினால் மெஷினில் அதன் எண்ணையும் மாற்ற வேண்டும். மறந்துவிட்டேன். அதனால் திரையில் எல்லாமே நான்கு மில்லிமீட்டர் தள்ளித் தெரிந்தன. மதியம் கட்டையில் ஒரு முறை வைத்துப் பார்த்திருந்தால் துளை இடம் மாறி நிற்பது தெரிந்திருக்கும். பார்த்ததாகத்தான் காலையிலேயே கையெழுத்து இருக்கிறதே.

ரூட்டின் புடைப்பும் எதிரொலி தரும், குறையும் எதிரொலி தரும். இரண்டும் திரையில் அண்ணன் தம்பி. எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் பிரித்துச் சொல்வோம். நடுவில் வந்தால் ரூட், ஓரத்தில் வந்தால் குறை. இரண்டு பக்கமிருந்தும் ஸ்கேன் செய்திருந்தால் இரண்டு படமும் ஒன்றுக்கொன்று முரணாக வந்து உடனே காட்டிக்கொடுத்திருக்கும். வால்வு ஓரம் ஆனதால் அதற்கும் வழியில்லை. மற்ற வெல்டர்களின் ரூட் மெல்லியது, எதிரொலி மங்கல், கண்ணை உறுத்தவில்லை. பூமிநாதன் ரூட் மட்டும் கனமாக, சீராக இருந்ததால் ஓரத்தில் போய்ச் செக்கச்சிவப்பாக நின்றது.

நன்றாக வெல்டிங் செய்ததால்தான் அவர் மாட்டினார். என்னால்தான் மாட்டினார்.

செவ்வாய் காலையே கட்டையில் துளை விலகியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் வந்து "இன்னொரு வாட்டி பாருங்களேன்" என்று கேட்டபோது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "ஆமா சார்" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் அன்றைய பதினொன்றையும் திறந்தேன். நான்கு மில்லிமீட்டர் நகர்த்தினேன். மூன்று சிவப்புக் கோடுகளும் சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைகளாக நடுவுக்கு வந்து ரூட்டில் உட்கார்ந்தன. குறை இல்லை. ஒன்றிலும் இல்லை.

மீதி எட்டையும் மூன்று தடவை பார்த்தேன். எட்டும் நல்லவை. குழாய்க்கு ஆபத்தில்லை, யார் உயிருக்கும் ஆபத்தில்லை. திறந்த மூன்றையும் வேறு ஆள் திரும்பப் போட்டாயிற்று, அவையும் பாஸ்.

அப்படியானால் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்னால் அறுபத்து நான்கையும் சந்தேகப்படுவார்கள். "பொம்பளைய அனுப்பினா இப்படித்தான்" என்பார்கள். எனக்குப் பின்னால் வருகிறவளுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துவார்கள். இப்படி நியாயம் கண்டுபிடிப்பதில் நான் இவ்வளவு கெட்டிக்காரி என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 17, செவ்வாய்

பூமிநாதன் போன் செய்தார். திட்டத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"டாக்டரம்மா, வேலையா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, எந்த இடத்துல தப்புப் பண்ணேன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன். அடுத்த வாரம் ஓசூர்ல ஒரு கம்பெனி டெஸ்ட் இருக்கு."

இதற்கு வசவே தேவலை. "நீங்கள் தப்பே பண்ணவில்லை" என்று ஒரு வரி. நாக்கு நுனியில் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"டார்ச்சை வால்வு பக்கமாக் கொஞ்சம் சாய்ச்சுப் போடுங்கண்ணே. அந்தப் பக்கம்தான் பிடிக்கல."

"அப்படியா? இருபத்தஞ்சு வருசமா நேராத்தான் புடிக்கிறேன். சரி, நீங்க உள்ள பாத்தவங்க. மாத்திக்கிறேன். ரொம்ப நன்றிம்மா."

நன்றி சொன்னார்.

மார்ச் 20, வெள்ளி

அறுபத்து நான்கும் முடிந்தன. இப்போது நிஜமாகவே நான்கு முறை இறங்கி ஏறிக் கட்டையில் பார்க்கிறேன். கௌதமன், "மேடம் ரொம்ப சின்சியர்" என்கிறார்.

மார்ச் 26, வியாழன்

லால்குடிக்கு வந்துவிட்டேன். அம்மா எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மாரியம்மன் கோயில் திருநீறு பூசிவிட்டாள். கேஸ் தீர்ந்துவிட்டது, சிலிண்டர் பதிந்தேன்.

மதியம் பூமிநாதன் போன்.

"டெஸ்ட் போயிருச்சு டாக்டரம்மா. நீங்க சொன்ன மாதிரியேதான் சாய்ச்சுப் போட்டேன். அந்தப் பக்கம் புடிச்சுது, இந்தப் பக்கம் விளிம்பு உருகாம அப்படியே நிக்குது. நீங்க சரியாத்தான் சொன்னீங்க, எனக்குத்தான் கண்ணு போயிருச்சு போல. இனிமே குழாய் வேலைக்குப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். கன்வேயர் பெல்ட்டு ஓட்டுற வேலை ஒண்ணு சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

போனை வைத்தேன். ஒரு தப்பைச் செய்தேன், அதை மறைத்தேன். அதோடு விட்டேனா? நல்ல கை ஒன்றைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கெடுத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

திருச்சி ஆபீஸுக்குப் போனேன். ஹபிபுல்லா சார்தான் எங்கள் கம்பெனியை நடத்துகிறவர், எனக்குச் சொல்லிக்கொடுத்து சான்றிதழ் தந்தவர். என் ரிப்போர்ட்டெல்லாம் அவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் வெளியே போகும். எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்பில் காட்டினேன்.

"மீதி எட்டும் நல்லா இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார்."

"அப்புறம் என்னம்மா? போனது போகட்டும்."

"நானும் பத்து நாளா அதையேதான் சார் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் ரிப்போர்ட்டை எடுத்துத் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபைலைத் திறந்து பாத்தேன்னு போட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "வசுமதி, நீ பண்ணினா சரியாத்தான் இருக்கும்னு திறக்கவே இல்ல. திறந்திருந்தா, ரிப்போர்ட்டுல நீ எழுதின வெட்ஜ் நம்பர் ஒண்ணு, ஃபைல்ல இருக்கிறது வேறன்னு அங்கேயே தெரிஞ்சிருக்கும்."

எல்லாம் பதிவாகியிருக்கும் என்று கௌதமனிடம் அரை மணி நேரம் பேசினேனே. பதிவாகித்தான் இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

மதியமே கடிதம் தயாரானது. மூன்று ஜாயின்ட் ரிஜெக்ட் செய்தது எங்கள் தவறு, அறுபத்து நான்கையும் எங்கள் செலவில் திரும்ப ஸ்கேன் செய்கிறோம் என்று. நான் ஆறு மாதம் மெஷினைத் தொடக் கூடாது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

துவாக்குடிக்குப் போனேன். போனில் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

பூமிநாதன் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க வாங்க, டாக்டரம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்து நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வெட்ஜ், நான்கு மில்லிமீட்டர், காலையிலேயே போட்ட கையெழுத்து, தெரிந்தும் சொல்லாதது, போனில் சொன்ன பொய் எல்லாவற்றையும்.

அவர் துணியைப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார். "படம் வச்சிருக்கீங்களா?" என்றார்.

லேப்டாப்பைத் திறந்து சரியான படத்தைக் காட்டினேன். நடுவில் ரூட், சுற்று முழுக்க ஒரே அகலத்தில் ஓடும் கோடு. விரலை அதன் மேல் வைக்காமல் காற்றிலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

"இதுதான் நான் போட்டதா?"

"ஆமாண்ணே."

"நல்லாத்தான இருக்கு?"

"நான் பாத்ததுலயே நல்ல ரூட்டு இதான்."

"இதைத்தான் அரைச்சுப் போட்டாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, "நீங்களே உள்ள போய் என் சம்சாரத்துக்கிட்ட சொல்லிருங்க மேடம். நான் சொன்னா எடுபடாது" என்றார். அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

அவர் மனைவி தனலெட்சுமி அடுப்பில் பால் வைத்திருந்தார். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மெஷின், மில்லிமீட்டர் எல்லாம் அங்கே உதவவில்லை. "அவர் மேல தப்பு இல்லக்கா. என் மேலதான். அவர் கண்ணு நல்லா இருக்கு" என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

அடுப்பை அணைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கு வந்ததுமே சொன்னாரு" என்றார். "உள்ள ஒண்ணுமே இல்ல தனம், என் கண்ணால பாத்தேன்னாரு. நான்தான் மிஷின் பொய் சொல்லுமான்னு கேட்டேன். வயசாயிருச்சு, ஒத்துக்கங்கன்னேன். ஓசூர்ல போனதும் மறுபடி சொல்லிக் காட்டினேன். இருபது வருசம் கூட இருந்துட்டு, மிஷினை நம்பினேன், அவரை நம்பல."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுதது என்னைப் பார்த்து அல்ல, வாசலைப் பார்த்து. நான் செய்ததற்கெல்லாம் கணக்கு வைத்திருந்ததாக நினைத்தேன். இது என் கணக்கிலேயே இல்லை.

கிளம்பும்போது பூமிநாதனுக்குக் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இதுல என் பேரு எங்க இருக்கு?"

எங்கள் ரிப்போர்ட்களில் வெல்டர் பெயர் எழுதும் வழக்கமில்லை. ஆளுக்கு ஒரு எண். ரிஜெக்ட் பட்டியலில் இருந்ததுபோலவே கடிதத்திலும் அவர் பன்னிரண்டு. விளக்கினேன்.

"வெளிய அனுப்புறப்ப பன்னெண்டு போயிருச்சுன்னு சொல்லலையே" என்றார். "கேட்டுல மைக்குல பூமிநாதன்னுதான சொன்னாங்க."

மார்ச் 30, திங்கள்

கடிதத்தைத் திரும்ப எழுதினேன். "துவாக்குடியைச் சேர்ந்த வெல்டர் திரு. கு. பூமிநாதன் பற்றவைத்த மூன்று ஜாயின்ட்களும் குறையற்றவை. ஸ்கேன் செய்த என் தவறை மறைத்து அவர் வேலை போகக் காரணமாக இருந்தேன். வசுமதி." இதைக் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்றும், படிக்க நானே வருகிறேன் என்றும் சேர்த்தேன்.

ஹபிபுல்லா சார் பேனாவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார். "பேர் போடுற வழக்கம் இல்லையேம்மா."

"இல்லதான் சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். மணப்பாறைக்கு நாளை காலை ஏழு மணி பஸ்.